வீட்டை விட்டுப் போன பிள்ளை: சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியூரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணி. டியூஷனுக்குப் போன பத்தாம் வகுப்புப் பையன் இன்னும் திரும்பவில்லை. புத்தகப் பை வீட்டிலேயே கிடக்கிறது. கொடியில் காய்ந்த இரண்டு சட்டைகளைக் காணோம். சீட்டுப் பணத்திற்காக எடுத்து வைத்திருந்ததில் ஐந்நூறு ரூபாய் குறைகிறது. முந்தின நாள்தான் மதிப்பெண் குறைந்ததற்காக அப்பா கை நீட்டியிருந்தார்.

அம்மா போலீஸுக்குப் போவோம் என்கிறார். அப்பா தயங்குகிறார். "விடிந்தால் வந்துவிடுவான். ஸ்டேஷனுக்குப் போனால் தெருவெல்லாம் தெரிந்துவிடும். பிறகு கோயிலில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது?" என்கிறார். பெண் பிள்ளையாக இருந்தால் இந்தத் தயக்கம் இன்னும் பல மடங்காகிறது. உறவினருக்கு ரகசியமாகப் போன் செய்வதிலேயே இரண்டு மூன்று நாள்கள் கழிந்துவிடுகின்றன.

ஆனால் பிள்ளை அந்த இரண்டு மூன்று நாள்களும் வண்டியூரிலேயே காத்திருக்கப்போவதில்லை. மாட்டுத்தாவணி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் இரவு முழுவதும் பேருந்து உண்டு. ஆரப்பாளையம் போனால் திருப்பூருக்கும் கோவைக்கும் பேருந்து. மதுரை ஜங்ஷனில் ரயில். விடிவதற்குள் பிள்ளை வேறொரு மாவட்டத்தில் இருக்கலாம். பிள்ளைக்காக விழித்திருப்பவர்கள் தேடத் தொடங்குமுன், அப்படி வரும் பிள்ளைகளுக்காகவே பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா?

இந்தச் சூழ்நிலையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மில் பலர் அறியாமலிருக்கிறோம். பெற்றோர் மட்டுமல்ல, பிள்ளை வந்து கதவைத் தட்டும் வீட்டாரும், விடுதி நடத்துவோரும், பங்குப் பேரவையினரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யார் மைனர்?

1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிறைந்தவரே மேஜர். அதுவரை பெற்றோரோ, சட்டப்படியான பாதுகாவலரோதான் பிள்ளைக்குப் பொறுப்பு. திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. 97-ஆம் சட்டம் 18 வயது நிறைந்தவரை வயது வந்தவராகக் கொள்கிறது. அதற்கு உட்பட்டவர் தம் உரிமைகளைப் பயன்படுத்துவதில் பெற்றோரின் அதிகாரத்திற்கு உட்பட்டவர் என்று 98-ஆம் சட்டம் கூறுகிறது.

ஆகவே பதினேழு வயது முடிந்த பிள்ளை "நான் பெரியவன், என் இஷ்டப்படி தனியாக இருந்துகொள்வேன்" என்று சொன்னாலும் சட்டம் அதை ஏற்பதில்லை. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும். அதன் 25-ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பை விட்டுப் போன மைனரைத் திரும்ப ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அப்படித் திரும்புவது அந்தப் பிள்ளையின் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். "என் பிள்ளை, என்னிடம் கொடுங்கள்" என்று கேட்பதோடு விஷயம் முடிவதில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்பதே நீதிமன்றத்தின் முதல் கேள்வி.

ஓடிப்போன பிள்ளை குற்றவாளியா?

இல்லை. இதைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். பெற்றோரின் அனுமதியின்றி வீட்டை விட்டுப் போவது நம் நாட்டில் ஒரு பிள்ளை செய்யும் குற்றம் அல்ல. அதற்காகப் பிள்ளையைக் கைது செய்யவோ, லாக்கப்பில் வைக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை.

குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் தனிச் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணம்தான். அது 1920-ஆம் ஆண்டு. பின்னர் 1986-இல் நாடு முழுவதற்கும் வந்த இளைஞர் நீதிச் சட்டத்தில், "என் பிள்ளை என் கட்டுக்கு அடங்கவில்லை" என்று பெற்றோரே முறையிட இடம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பார்வையை மாற்றியது. "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற சொல் அப்போதுதான் வந்தது. இப்போது நடைமுறையிலுள்ள 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், காணாமற்போன குழந்தையையும் வீட்டை விட்டு ஓடிய குழந்தையையும் அந்த வரிசையிலேயே சேர்க்கிறது. அதாவது, அந்தப் பிள்ளை தண்டிக்கப்பட வேண்டியவன் அல்ல, காக்கப்பட வேண்டியவன்.

பெற்றோர் செய்ய வேண்டியது

"24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள்" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. காணவில்லை என்று தெரிந்த அந்த நிமிடமே புகார் கொடுக்கலாம்.

காணாமற்போகும் குழந்தைகள் தொடர்பாக, பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று ஒரு முக்கிய உத்தரவைப் பிறப்பித்தது. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவரைக் காணவில்லை என்று புகார் வந்தால், அதை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். விசாரணையில் வேறுவிதமாகத் தெரியவரும் வரை, அது கடத்தலாகவோ ஆள் விற்பனையாகவோ இருக்கலாம் என்று கொண்டே விசாரிக்க வேண்டும். நான்கு மாதங்களாகியும் பிள்ளை கிடைக்காவிட்டால், ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கை அனுப்பலாம்.

"எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்து மூலம் மேலதிகாரிக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

போகும்போது அண்மையில் எடுத்த புகைப்படம், வயதுக்கான சான்று, பிள்ளை உடுத்தியிருந்த உடையின் விவரம், உடலில் உள்ள அடையாளம், நெருங்கிய நண்பர்களின் பெயர்கள், பயன்படுத்திய போன் எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் சண்டை நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடித்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கும். ஆனால் அதைச் சொன்னால்தான் பிள்ளை எந்தப் பக்கம் போயிருப்பான் என்று ஊகிக்க முடியும்.

1098 என்ற எண்ணையும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். இது குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி உதவி எண். இரவும் பகலும் இயங்குகிறது. 1996-இல் மும்பையில் தொடங்கிய இந்தச் சேவை, 2023 முதல் மாநில அரசுகளின் பொறுப்பில் நடந்துவருகிறது. பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளையும் அழைக்கலாம், பிள்ளையைப் பார்த்த வழிப்போக்கரும் அழைக்கலாம்.

யாரோ ஒருவர் பிள்ளையை அடைத்து வைத்திருக்கிறார் என்று ஐயம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். முன்பு இதற்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்டதிலிருந்து, வண்டியூர்க்காரர்கள் ஒத்தக்கடை வரை போனால் போதும்.

பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால்?

சில நேரங்களில் பிள்ளை பேருந்து ஏறுவதில்லை. நண்பன் வீட்டுக்கோ, சித்தி வீட்டுக்கோ, பங்குக்குருவின் இல்லத்துக்கோ, கன்னியர் மடத்துக்கோ வந்து நிற்கும். "அப்பாவிடம் சொல்லாதீர்கள், அடித்துக் கொன்றுவிடுவார்" என்று அழும். என்ன செய்வது?

முதலில் சோறு போடுங்கள். பயத்தைப் போக்குங்கள். அடுத்து, தாமதிக்காமல் தகவல் கொடுங்கள். தொலைந்துபோன, கைவிடப்பட்ட அல்லது ஆதரவற்ற குழந்தை என்று தோன்றும் ஒரு குழந்தையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் எவரும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இது. தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இது தனி மனிதருக்கும் பொருந்தும், நிறுவனத்துக்கும் பொருந்தும். இரக்கத்தால் செய்தோம் என்பது மட்டும் பதிலாகாது. பதிவு செய்யாமல் குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் நடத்துவதும் அதே சட்டத்தில் தனிக் குற்றம்.

பெற்றோரிடமே சொல்லப் பயமாக இருந்தால், பெற்றோரிடம் நேரே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லலாம். பிள்ளையின் பயத்துக்கும் அங்கே செவி கிடைக்கும்.

கடத்தல் எப்போது?

பெற்றோரின் சம்மதமின்றி மைனரை அவர்கள் பாதுகாப்பிலிருந்து அழைத்துச் செல்வதும், ஆசை காட்டி இழுத்துச் செல்வதும் கடத்தல். பிள்ளை சம்மதித்தது என்பது இங்கே கணக்கில் வராது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கான வயது ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவு, இருபாலருக்கும் 18 என்று ஆக்கிவிட்டது. தண்டனை ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

இது தொடர்பாக நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஒரு தீர்ப்பு, நம் தமிழகத்து வழக்கில் பிறந்தது. "வரதராஜன் எதிர் சென்னை மாநிலம்" என்பது அதன் பெயர். 1960-இல் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், 18 வயது நிறைய ஏறத்தாழ ஆறு வாரங்களே இருந்த நிலையில், தான் தங்கியிருந்த உறவினர் வீட்டிலிருந்து கிளம்பி, தான் விரும்பியவருக்குத் தானே போன் செய்து வரச்சொன்னார். இருவரும் பதிவு அலுவலகம் சென்றார்கள். பிறகு பல ஊர்களுக்குப் போனார்கள். தஞ்சாவூரில் போலீஸார் கண்டுபிடித்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் அந்த மனிதரைத் தண்டித்தன. உச்ச நீதிமன்றம் 1964 செப்டம்பரில் அவரை விடுவித்தது. ஒரு மைனரை "அழைத்துச் செல்வது" வேறு, தான் செய்வதை நன்கு அறிந்து தானாக வந்த மைனரைத் "உடன் வர விடுவது" வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. வீட்டை விட்டு வரும்படி தூண்டியதாகவோ ஆசை காட்டியதாகவோ சாட்சியம் இருந்தால்தான் கடத்தல் ஆகும் என்பது அதன் சாரம்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தானாக வந்த பெண்ணை அழைத்துப் போகலாம்" என்று எந்த இளைஞனும் எண்ணிவிடக் கூடாது. அந்தத் தீர்ப்பு வந்தபோது போக்சோ சட்டம் இல்லை. 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, 18 வயது நிறையாதவருடன் பாலுறவு கொள்வது, அவர் சம்மதித்திருந்தாலும், கடுமையான குற்றம். அப்படி ஒரு குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் மறைப்பவரும் தண்டனைக்குரியவரே. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றோரின் பாதுகாப்பிலிருந்து ஒரு மைனரைக் கடத்தியோ ஆசை காட்டியோ அழைத்துச் சென்று செய்யும் திருமணம் செல்லவே செல்லாது. கோயிலில் தாலி கட்டிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் பொய். திருச்சபைச் சட்டத்தின் 1071-ஆம் எண், பெற்றோருக்குத் தெரியாமலோ அவர்கள் நியாயமான காரணத்தோடு எதிர்க்கும்போதோ மைனர் ஒருவருக்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதியின்றித் திருமணம் நடத்திவைக்கக் கூடாது என்கிறது. நாட்டுச் சட்டம் ஏற்காத திருமணத்துக்கும் அதே தடை உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. "நல்ல வேலை, சாப்பாடு, தங்க இடம்" என்று சொல்லி அழைத்துப் போகும் ஏஜெண்டுகள். மதுரை, உசிலம்பட்டி வட்டாரங்களிலிருந்து வட மாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்குப் போய் மாட்டிக்கொண்ட சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். குழந்தையைச் சுரண்டலுக்காக விற்பதற்கும் கடத்துவதற்கும் குறைந்தது பத்து ஆண்டு சிறை. முன்பணம் வாங்கிக்கொண்டு பெற்றோரே அனுப்பிவைத்தால், "சம்மதத்தோடுதான் போனான்" என்ற வாதம் நிற்காது.

பிள்ளை கிடைத்த பிறகு

பிள்ளையைக் கண்டுபிடித்த போலீஸார், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்தக் குழு உண்டு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்டது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இதற்கு உண்டு.

குழு பிள்ளையிடம் பேசும். வீட்டின் நிலையை அறிய ஒரு சமூகப் பணியாளரை அனுப்பும். அந்த விசாரணை 15 நாள்களுக்குள் முடிய வேண்டும். இறுதி உத்தரவு நான்கு மாதங்களுக்குள் வர வேண்டும். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே சட்டத்தின் முதல் நோக்கம். பெரும்பாலும் அறிவுரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் வீடே பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், நம்பிக்கைக்குரிய வேறொருவரிடமோ இல்லத்திலோ வைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர், பெற்றோரே ஆனாலும், கொடுமைப்படுத்தினால் 75-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கோ ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ இரண்டுக்குமோ ஆளாகலாம்.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளையைக் காணவில்லை என்று பங்கு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். கிடைத்ததும் அதை அழிக்க மறந்துவிடுகிறோம். "எங்கே போனான், யாரோடு போனாள்" என்று அதே குழுவில் பேச்சும் தொடர்கிறது. விசாரணையில் உள்ள குழந்தையின் பெயரையோ, முகவரியையோ, பள்ளியையோ, படத்தையோ எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. படத்தை நீக்குங்கள். பேச்சை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கோயிலுக்கு வர வேண்டும் அல்லவா?

18 முடிந்தவர் என்றால்?

அப்போது நிலைமை வேறு. 18 வயது நிறைந்த மகனோ மகளோ தாமாக வீட்டை விட்டுப் போனால், அவர்களைக் கட்டாயப்படுத்தித் திருப்பி அழைத்துவரச் சட்டத்தில் வழியில்லை. ஆட்கொணர்வு மனு போட்டாலும், நீதிபதி அவர்களிடமே கேட்பார். "என் விருப்பப்படிதான் இருக்கிறேன்" என்று சொன்னால் அதோடு முடிந்தது. பெற்றோருக்கு இது கசப்பானதுதான். ஆனால் அந்த வயதுக்கு மேல் பிள்ளையை வீட்டோடு பிணைப்பது சட்டம் அல்ல, உறவு. அந்த உறவை 18-க்கு முன்பே வளர்த்திருக்க வேண்டும்.

தேடிய மூன்று நாள்கள்

பன்னிரண்டு வயது மகனைக் காணாமல் தேடிய ஒரு தாய் தந்தையை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் பார்க்கிறோம். பயணிகள் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். பிறகு உறவினரிடம் கேட்டார்கள். இல்லை என்றதும் வெட்கப்பட்டு நிற்கவில்லை, வந்த வழியே திரும்பினார்கள். மூன்று நாள்களுக்குப் பின் கண்டுபிடித்தபோது, மரியா தம் வேதனையை மறைக்கவில்லை. ஆனால் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டார். பதில் அவர்களுக்குப் புரியவில்லை. ஆயினும் கேட்டார்கள். மகன் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பினார்.

சட்டமும் நம்மிடம் அதிகம் கேட்கவில்லை. உடனே தேடு, மறைக்காதே, கிடைத்தபின் பிள்ளை சொல்வதைக் கேள் என்பதுதான். வண்டியூரின் அந்த வீட்டில் அப்பா இன்னும் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் நம் அன்பியத்தைச் சேர்ந்தவராக இருந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று நாமும் சேர்ந்து சொல்ல வேண்டாம். வண்டியை எடுங்கள். அவரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். பிள்ளை திரும்பி வந்த இரவில், அடிக்க ஓங்கும் கையைப் பிடித்து, "முதலில் என்ன ஆச்சு என்று கேளுங்கள் அண்ணே" என்று சொல்லவும் நாம் அங்கே இருப்போம்.